வெள்ளைவயிறா, செவ்வயிறா? கருந்தலைச் சில்லைகளின் எல்லை எங்கே

வாசகர் கேள்வி, 14 செப்டம்பர் 2024

செங்கல்பட்டுக்குத் தெற்கே ஓர் ஏரி. சம்புப் புதரில் கருந்தலைச் சில்லைகள் இருபது முப்பது இருக்கும். அதில் இரண்டுக்கு வயிறு வெள்ளையாக இல்லை, முழுக்கச் செம்பழுப்பு. கையேட்டைப் பார்த்தால் அது வங்காளம், அசாம் பக்கத்துப் பறவை என்று போட்டிருக்கிறது. படம் எடுப்பதற்குள் பறந்துவிட்டன. வடக்கத்திச் சில்லை தமிழ்நாடு வரை பரவிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். வரைபடத்தை மாற்ற வேண்டாமா?

14 செப்டம்பர், இரவு

பார்த்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. பரவிவிட்டது என்பதில்தான் தயக்கம்.

பழக்கமில்லாதவர்களுக்காகப் பறவையை முதலில் சொல்லிவிடுகிறேன். சில்லைகள் புல்விதை தின்னும் சிறு குருவிகள். இரண்டுக்குமே தலையும் மேல்மார்பும் கறுப்பு, முதுகு செம்பழுப்பு, அலகு நீலம் கலந்த சாம்பல். வித்தியாசம் வயிற்றில். நம் ஊர்ப் பறவைக்கு விலா வெள்ளை; நடுவில் ஒரு கறுப்புத் திட்டு வாலடி வரை இறங்கும். வடகிழக்குப் பறவைக்கு அந்த வெள்ளையே கிடையாது, விலாவும் செம்பழுப்புதான். நம்முடையதற்கு லின்னேயஸ் 1766இல் பெயர் வைத்தார், மற்றதற்கு வியேயோ 1807இல். அதற்கப்புறம் நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனத்தின் கிளைகளாகத்தான் வைத்திருந்தார்கள். சாலிம் அலியும் ரிப்ளியும் அப்படித்தான் எழுதினார்கள். 2005இல் ராஸ்முசனும் ஆண்டர்டனும் தெற்காசியப் பறவைகளைத் தொகுத்தபோது தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். இன்றைய பட்டியல்களும் அப்படியே. இங்கே சுருக்கமாக வெள்ளைவயிறு, செவ்வயிறு என்று எழுதுகிறேன்.

வெள்ளைவயிறு தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும். செவ்வயிறு நேபாளத் தராய்ச் சமவெளியில் தொடங்கி வட இந்திய அடிவாரம், வங்காளம், அசாம், மியான்மர், மலாய் தீபகற்பம் என்று பிலிப்பைன்ஸ் வரை போகிறது. 1995இல் கழுகு அந்த இடத்துக்கு வரும்வரை பிலிப்பைன்ஸின் தேசியப் பறவையே இதுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒடிசா, சத்தீஸ்கர், ஆந்திராவின் வட முனை, தெற்கு வங்காளம். கோடு அங்கே எங்கு ஓடுகிறது என்பதில்தான் குழப்பமே. செங்கல்பட்டு அந்த இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வழியில் கோதாவரி டெல்டா, கிருஷ்ணா டெல்டா, நெல்லூர் என்று சில்லைக்குத் தோதான நெல்வயல் கொட்டிக் கிடக்கிறது. நடந்து வந்த பறவை என்றால் அங்கெல்லாம் அடிச்சுவடு தெரிய வேண்டும். அது தெரியாத வரைக்கும் கூண்டிலிருந்து வந்ததா என்றுதான் முதலில் கேட்பேன்.

15 செப்டம்பர்

கூண்டில் இருந்த பறவையா என்று காட்டிக்கொடுப்பவை: கால் நகம், வால் நுனி, காலில் வளையம், இறகில் சாயம். அடுத்த முறை பார்த்தால் இந்த நான்கையும் கவனியுங்கள்.

15 செப்டம்பர், மாலை

"நன்றாகப் பறந்தன, அதனால் காட்டுப் பறவைதான்" என்கிறார் கேள்வி கேட்டவர். அப்படிச் சொல்லிவிட முடியாது. கூண்டில் தேய்ந்த வாலும் உடைந்த இறகும் ஒரு முறை இறகு உதிர்ந்து முளைத்தால் சரியாகிவிடும். அதற்கப்புறம் எந்தப் பைனாகுலராலும் அதன் பழைய கதையைச் சொல்ல முடியாது. வெளியே வந்த குருவி அங்கே உள்ள கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும், அதே புல்விதையைத் தின்னும், அதே சம்பில் அடையும். சில்லைகள் தனியாக இருக்கப் பிடிக்காத பறவைகள்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும் சில்லை வியாபாரம் பல வருஷம் வெளிப்படையாகவே நடந்தது. 1990களின் தொடக்கத்தில்தான் உள்நாட்டுப் பறவைகளை விற்பதற்கு முழுத் தடை வந்தது. அதற்கு முன்னால் வட இந்தியாவில் பிடித்த சில்லை தெற்கே விற்றது, தெற்கே பிடித்தது வெளிநாடு போனது. பச்சை, சிவப்பு என்று சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. தடைக்குப் பிறகும் அது அடியோடு நின்றுவிடவில்லை. புண்ணியத்துக்காகக் கூண்டுக் குருவியைக் காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடுகிற வழக்கம் வேறு. தென்கிழக்காசியக் கோயில் வாசல்களில் அப்படி விடப்படுவதில் புள்ளிச் சில்லை ஏராளம். விடுகிறவர் நல்ல மனதோடுதான் விடுகிறார். ஆனால் எந்தக் குருவி எந்த ஊருடையது என்ற கணக்கு அந்த நிமிஷமே கலைந்துவிடுகிறது.

இந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே உதாரணம்: நம் வெள்ளைவயிறு இன்று கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் காட்டுப் பறவையாகக் கூடு கட்டுகிறது. செவ்வயிறு ஹவாயில். கடல் தாண்டிப் போய் நிலைத்த குருவி செங்கல்பட்டில் இரண்டு இருப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

18 செப்டம்பர்

இரண்டு நாளாகக் கொல்கத்தா நினைவாகவே இருக்கிறது. வேலைக்காக அங்கே இருந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ராஜார்ஹாட் புல்வெளிதான். அடுக்குமாடிகளுக்கு நடுவே மிச்சம் இருந்த ஈரநிலம், ஆள் உயர நாணல். மழைக்கால முடிவில் அங்கே வெள்ளைவயிறும் செவ்வயிறும் ஒரே நாணலில் உட்கார்ந்திருக்கும். புள்ளிச் சில்லையும் சிவப்புச் சில்லையும் கூடவே. தமிழ்நாட்டில் வெள்ளைவயிற்றை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு அந்தக் காட்சி பெரிய அதிர்ச்சி. கையேட்டில் ஒரு கோட்டின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய பறவைகள் ஒரே தண்டில் கால் மாற்றி மாற்றித் தொங்குகின்றன.

அங்கே பழகியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். வெள்ளைவயிறு பிறகு வந்தது என்பார் ஒருவர். எப்போதும் இருந்தது, யாரும் வயிற்றைப் பார்க்கவில்லை என்பார் இன்னொருவர். கூண்டுப் பறவையின் வாரிசு என்பார் மூன்றாமவர். மூன்றுக்கும் சான்று ஒன்றுதான், "எனக்கு நினைவிருக்கிறது". ஆனால் இரண்டாமவர் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. ஒரே இனம் என்று நினைத்திருந்த காலத்தில் வயிற்று நிறத்தை யார் குறித்துவைத்திருப்பார்கள்? "கருந்தலைச் சில்லை, 40" என்று எழுதிவிட்டு அடுத்த பறவைக்குப் போயிருப்பார்கள்.

அந்தப் புல்வெளி வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு இனமும் கலந்து வாழ்கிற, பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள் அந்த இடமே கட்டடமாகிவிடுமோ என்ற கவலை அப்போதே இருந்தது, இப்போதும் இருக்கிறது.

19 செப்டம்பர்

"அப்படியானால் கலப்புக் குஞ்சுகளும் இருக்குமே" என்று ஒருவர் கேட்கிறார். இருக்கலாம். இரண்டு இனமும் சேரும் இடங்களில் இடைப்பட்ட வயிறுள்ள பறவைகளைப் பற்றிய குறிப்புகள் உண்டு. ஆனால் படம் அனுப்பும் முன் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

இளம் சில்லைகள் எல்லாமே மேலே பழுப்பு, கீழே மங்கிய மணல் நிறம். வெள்ளைவயிறு, செவ்வயிறு, புள்ளி என்று களத்தில் பிரித்துச் சொல்லவே முடியாது. வெள்ளைவயிற்றின் குஞ்சு பெரிதாகும்போது தலை திட்டுத்திட்டாகக் கறுக்கும், வயிற்றில் பழைய மணல் நிற இறகும் புதிய வெள்ளை இறகும் கலந்து நிற்கும். மழைக்காலக் குஞ்சுகள் வளர்ந்து நிறம் மாறுகிற மாதங்களில் கூட்டத்தில் இப்படி நிறைய இருக்கும். அந்த வயிறு பார்ப்பதற்கு அப்படியே கலப்புப் பறவை மாதிரி இருக்கும். தலை முழுக்கக் கறுத்து, முதுகில் ஒரு பழைய இறகுகூட இல்லாத பறவையின் வயிறு இடைநிறமாக இருந்தால்தான் பேச வேண்டும்.

சேற்றுக் கறையும் ஏமாற்றும். நெல்வயலில் காலையில் நனைந்த வெள்ளை வயிறு பத்து மணிக்குக் காவி நிறமாகியிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

22 செப்டம்பர்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். இந்த விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

ஓர் இனத்தை இரண்டாகப் பிரித்ததும் பழைய பதிவுகளை என்ன செய்வது? பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் தொகுக்கும் ஈபேர்டு போன்ற இணையதளங்களில் பொதுவான வழி இது: பறவை எந்த இடத்தில் பதிவானது என்று பார்த்து, அந்த இடம் தெரிந்த பரவலுக்குள் எந்த இனத்துக்கு உரியதோ அதன் பெயரில் மாற்றிவிடுவார்கள். இரண்டும் இருக்கக்கூடிய பகுதி என்றால் "இதுவோ அதுவோ" என்று சாய்கோடு போட்ட பெயரில் வைப்பார்கள். லட்சக்கணக்கான பதிவுகளைத் தொகுப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். வயிற்றைப் பார்க்காமல் எழுதிய பதிவுக்கு வரைபடம் பெயர் கொடுக்கிறது. பிறகு அந்தப் பதிவுகளைத் திரட்டிப் புள்ளி வைத்தால் வரைபடம் சொன்ன இடத்திலேயே எல்லை கச்சிதமாக விழுகிறது. தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூறு மதிப்பெண் போட்டுக்கொள்வது மாதிரி. புதிதாக வருகிறவர் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, "இங்கே இது மட்டும்தான்" என்று முடிவு செய்து, தானும் வயிற்றைப் பார்க்காமலே எழுதுகிறார். கோடு இன்னும் கெட்டிப்படுகிறது.

ஆகவே எல்லைப் பகுதிக்கு நான் எடுத்துக்கொள்வது இரண்டே வகைப் பதிவுகள். வயிறு தெரிகிற படம், அல்லது "வெள்ளை விலா பார்த்தேன்", "செம்பழுப்பு விலா பார்த்தேன்" என்று எழுதிய குறிப்பு. அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்த பறவைத் தோல்களும் நல்ல சான்று, சேகரித்த ஊரும் தேதியும் சீட்டில் இருந்தால். மற்றதெல்லாம் சாய்கோட்டிலேயே இருக்கட்டும். சாய்கோடு போடுவதைப் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். தூரத்தில் சூரியனுக்கு எதிரே பறந்த கருந்தலைக் கூட்டத்துக்கு அதுதான் நேர்மையான பெயர்.

23 செப்டம்பர்

இல்லை, "வரைபடம் பொய்" என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூரில் வெள்ளைவயிறு, கவுஹாத்தியில் செவ்வயிறு. அதில் சண்டையே இல்லை. நடுவே கோடாக வரைந்திருப்பதை ஓர் அகலமான பட்டையாக வரைய வேண்டும் என்கிறேன்.

அந்தப் பட்டை ஆண்டுக்கு ஆண்டு நகரவும் கூடும். சில்லைகள் மழையையும் புல்விதையையும் துரத்துகிற பறவைகள். இந்த வருஷம் கூட்டம் கூட்டமாக இருந்த ஏரியில் அடுத்த வருஷம் ஒன்றுகூட இருக்காது. டெல்லி, அரியானா பக்கம் மழைக்காலத்தில் வெள்ளைவயிறு தென்படுவதற்கும் இதில் பங்கு இருக்கலாம், கூண்டு வியாபாரத்துக்கும் பங்கு இருக்கலாம்.

29 செப்டம்பர்

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பேச்சை நம் நீலகிரி மலைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்லதுதான், எனக்கும் இது பக்கத்து வீடு. அவர் கேட்பது வெண்முதுகுச் சில்லையும் கருந்தொண்டைச் சில்லையும் பற்றி.

வெண்முதுகுக்கு முகமும் மார்பும் கரும்பழுப்பு, வயிறு சுத்த வெள்ளை, பறக்கும்போது அடிமுதுகில் பளீரென்று ஒரு வெள்ளைப் பட்டை. கருந்தொண்டைக்கு முகமும் தொண்டையும் கறுப்பு, வயிறு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, முதுகில் அந்தப் பளீர் கிடையாது. முதலாவது அடிவாரத்துப் பறவை, இரண்டாவது மலைப் பறவை என்பது பாடம். சுமார் 600 மீட்டரிலிருந்து 2,100 மீட்டர் வரை என்று கருந்தொண்டைக்குச் சொல்வார்கள்.

குன்னூர் மலைப்பாதையில் ஏறினால் இந்தப் பாடத்தைக் கண்ணால் பார்க்கலாம். கல்லாறு பாக்குத் தோப்பில் வெண்முதுகு. மேலே கோத்தகிரி பக்கம் தேயிலைக்கு நடுவே விட்டுவைத்த புல்லில் கருந்தொண்டை. நடுவில் பர்லியாறு உயரத்தில் என்ன இருக்கும் என்பது மாதத்தைப் பொறுத்தது. புல் விதைக்கிற நேரத்தில் எது எங்கே விளைந்ததோ அங்கே இரண்டும் வரும். அதனால் உயர எல்லையை எழுதும்போது மாதத்தையும் சேர்த்து எழுதுவதுதான் சரி. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுக்கக் கட்டம் கட்டி, மழைக்காலம் ஒரு முறை, வறண்ட காலம் ஒரு முறை என்று எண்ணினார்களே, அந்தப் பறவை வரைபட வேலை மாதிரி ஒன்று நம் பக்கத்து மலைச்சரிவுக்கும் வேண்டும். ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்கள் இருந்தால் போதும், பெரிய செலவு இல்லை.

1 அக்டோபர்

கருந்தொண்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம். இலங்கை மலையகத்தில் இருப்பதும் இதே இனம் என்றுதான் வைத்திருக்கிறார்கள், ஆனால் பார்த்தால் வேறு பறவையோ என்று தோன்றும். அங்கே வயிறு கறுப்பும் வெள்ளையுமாகச் செதில் செதிலாக இருக்கும். நம்முடையது ஒரே சீரான நிறம். இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான கெலார்ட்டின் பெயரைத்தான் 1863இல் ஜெர்டன் இதற்கு வைத்தார். மூன்றாவதாக ஒரு கிளை கிழக்குத் தொடர்ச்சி மலையின் வட பகுதியில், ஆந்திர–ஒடிசா எல்லைப் பக்க மலைகளில் இருக்கிறது. 1930களில்தான் அதை விவரித்தார்கள்.

நீலகிரிக்கும் அந்த மலைகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி. மூன்று கிளைகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. சந்திக்கிற பறவைகளில் கலக்கின்றனவா என்று பார்த்து முடிவுக்கு வரலாம். சந்திக்காதவற்றை ஓர் இனம் என்பதும் மூன்று என்பதும் குரல், நிறம், மரபணு ஆகியவற்றை வைத்து மனிதர் எடுக்கும் முடிவு. ஹட்டனிலோ பதுளையிலோ இருக்கும் வாசகர்கள் குரலைப் பதிவு செய்து போட்டால் வால்பாறைக் குரலோடு வைத்துக் கேட்க ஆசை.

6 அக்டோபர்

ஓமானின் தெற்கே சலாலாவில் வேலை பார்க்கும் ஒருவர் எழுதியிருக்கிறார்: அங்கே வெண்தொண்டைச் சில்லை பார்த்தேன், ஆனால் பின்பக்கம் கறுப்பாக இருந்தது, ஏன்? அது நம் ஊர்ப் பறவை இல்லை. ஆப்பிரிக்க வெண்தொண்டைச் சில்லை. நம்முடையதற்கு அடிமுதுகு வெள்ளை, அதற்குக் கறுப்பு. முன்னால் இவை இரண்டையும் கூட ஒரே இனமாக வைத்திருந்ததுண்டு. ஆப்பிரிக்கப் பறவை தென்மேற்கு அரேபியாவிலும் ஓமானின் தெற்கிலும் இயல்பாக வாழ்கிறது. நம்முடையது ஓமானின் வடக்கே, அமீரகத்தில். கூண்டிலிருந்து தப்பியவை இஸ்ரேல் வரை போய் நிலைத்துவிட்டன. எல்லை இங்கேயும் வளைகிறது, காரணமும் பாதி அதேதான்.

மஸ்கட்டிலும் துபாயிலும் இவ்வளவு தமிழர் இருக்கிறார்கள். பூங்காவில் நடக்கும்போது சில்லை பறந்தால் அடிமுதுகைப் பாருங்கள். அது ஒன்றே போதும்.

7 அக்டோபர்

கடையில் "பிஞ்சஸ்" என்று விற்கும் வெள்ளையும் பழுப்பும் திட்டான குருவி எதிலும் சேராது. வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் வளர்த்தெடுத்த வீட்டுப் பறவை அது. வெளியே பறந்து வந்தால் பதிவில் வளர்ப்புப் பறவை என்று குறிக்கவும்.

13 அக்டோபர்

"வயிற்று நிறம் ஒன்றை வைத்து இரண்டு இனமா?" என்று கோபமாகவே ஒருவர். கேள்வி நியாயமானது. சில்லைகளைப் பொறுத்தவரை எனக்கும் அந்த யோசனை உண்டு.

ஆஸ்திரேலியா, பாப்புவா நியூ கினி சில்லைகளின் மரபணுவை வைத்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பார்வைக்கு முற்றிலும் வேறாகத் தெரியும் அந்த இனங்களுக்குள் மரபணு வித்தியாசம் மிகக் குறைவு. வேறுபடும் சில இடங்களில் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் இருக்கின்றன என்பது அதன் சாரம். அது நம் பறவைகளைப் பற்றிய ஆய்வு இல்லை, நேராக இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் சில்லைக் குடும்பத்தில் நிறம் வேகமாக மாறக்கூடியது, பின்னணியில் மீதியெல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கக்கூடும் என்று அது காட்டுகிறது.

அதனால்தான் அந்த நடுப் பட்டை எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. ஒரே நாணலில் வாழும்போது வெள்ளைவயிறு வெள்ளைவயிற்றோடுதான் ஜோடி சேர்கிறதா, கண்டபடி சேர்கிறதா? பெயரைப் பற்றிய வாதமெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. ஜோடி எது எதோடு என்று கூட்டுக்கு இரை கொண்டுபோகும்போது பார்த்து எழுத ஆய்வகம் வேண்டாம். பொறுமையும் ஒரு மழைக்காலமும் இருந்தால் போதும்.

20 அக்டோபர்

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் வேலை செய்யும் நண்பர் படங்கள் அனுப்பியிருக்கிறார். ஒரே கரும்புத் தோட்டம், ஒரே காலை. பெரும்பாலானவை தெளிவான வெள்ளைவயிறு. ஒன்று தெளிவான செவ்வயிறு. இன்னொன்றுக்குத் தலை முழுக்கக் கறுப்பு, முதுகில் பழைய இறகு எதுவும் தெரியவில்லை, விலா மட்டும் அழுக்கு வெள்ளையில் பழுப்புச் சாயல். செப்டம்பர் 19 அன்று சொன்ன நிபந்தனைகளை அது தாண்டிவிட்டது. சேறு இல்லை என்று உறுதியாகச் சொல்ல இரண்டு பக்கத்துப் படமும் வேண்டும், ஒரு பக்கம்தான் இருக்கிறது. வாலடியும் தெரியவில்லை.

அவர் மறுபடி போவதாகச் சொல்கிறார். போகும்போது மொத்தக் கூட்டத்தையும் எண்ணாமல், வயிறு தெளிவாகத் தெரிந்த பறவைகளை மட்டும் மூன்று வரிசையாக எண்ணச் சொல்லியிருக்கிறேன்: வெள்ளை, செம்பழுப்பு, இடைநிறம். இளம் பறவைகளைத் தனியாக. தெரியாதவற்றுக்குச் சாய்கோடு. ஸ்ரீகாகுளம், விஜயநகரம், பஸ்தர் பக்கம் யாராவது இருந்தால் இதே முறையில் எண்ணி இங்கே போடுங்கள். கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் எண்ணிவிட வேண்டும், வெட்டிய பிறகு கூட்டம் வேறு இடம் போய்விடும்.